பாலாற்றங்கரையில் யார் கற்றார்கள்?

கிணற்றுப் பாசனத்தை நம்பிய வட ஆற்காட்டுக் குடியானவருக்கு, மின்மோட்டார் வரும்வரை தோல் இல்லாமல் பயிர் இல்லை. கவலை ஏற்றத்தில் சாலின் அடியில் பிணைத்திருக்கும் தும்பி தோலால் ஆனது. விடிந்தது முதல் அது கிணற்றுக்குள் இறங்கும், நீரோடு ஏறும், வாய்க்காலில் கொட்டும், மறுபடி இறங்கும். ஏற்றம் நின்ற நாளில் வெயிலில் காய்ந்து விறைக்கும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் இந்தப் பாட்டை நெடுநாள் தாங்காது. ஊறி ஊறிப் பட்டையின் சத்து கரைந்துபோக, தோல் அழுகத் தொடங்கும். சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஆல்பிரெட் சாட்டர்டன் 1903-ல் அரசுச் செலவில் குரோம் பதனிடும் சோதனைகளைத் தொடங்கியபோது அவர் முன்னிருந்த முக்கியமான கேள்விகளில் ஒன்று, தண்ணீரில் கிடந்தாலும் கெடாத தும்பியை எப்படிச் செய்வது என்பது. அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் 1884-லும் மார்ட்டின் டென்னிஸ் 1893-லும் காப்புரிமை பெற்ற குரோம் முறைகள் காலணித் தோலுக்காகப் பெயர் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. சென்னை மாகாணத்தில் அதே முறை கிணற்றடிச் சிக்கல் ஒன்றுக்கு விடையாக வந்து இறங்கியது.

அனுபவத்திலிருந்து கற்பது, சிக்கலைத் தீர்ப்பதன் வழியே கற்பது என்று இன்று கல்வியாளர்கள் வலியுறுத்தும் கொள்கைக்கு வேலூர், இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் ஊர்களைவிடப் பொருத்தமான சோதனைக் களம் கிடைப்பது அரிது. இந்த ஊர்களின் வரலாறே சிக்கல்களின் வரிசைதான். அழுகும் தோல், மாறும் சந்தை, ஒரே ஆண்டில் தலைகீழாகும் ஏற்றுமதிக் கொள்கை, திரும்பிவரும் சரக்கு, உப்பேறும் கிணறு. ஆனால் இத்தனை சிக்கல்களுக்கும் இத்தனை அனுபவத்துக்கும் நடுவில் உண்மையில் கற்றவர் யார் என்று கேட்டால் விடை அவ்வளவு எளிதாக வருவதில்லை. அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயி 1916-ல் வெளியிட்ட 'ஜனநாயகமும் கல்வியும்' நூலில் அனுபவத்தை இரண்டு பகுதிகளாகப் பிரித்தார். நாம் ஒன்றைச் செய்கிறோம். அதன் விளைவை நாமே படுகிறோம். செய்ததையும் பட்டதையும் இணைத்துப் பார்க்கும் இடத்தில்தான் அறிவு பிறக்கிறது, வெறும் செயலில் இல்லை என்பது அவருடைய வாதம். தோல் ஊர்களின் கதையை இந்த அளவுகோலால் அளந்தால் ஒரு முடிவு தெளிவாகிறது. செய்தவரிடமே விளைவு திரும்பி வந்து, அடுத்த முறை மாற்றிச் செய்யும் உரிமையும் அவருக்கே இருந்தபோதெல்லாம் இங்கே கல்வி நடந்தது. இரண்டில் ஒன்று அறுந்தபோது வேலை மட்டும் நடந்தது. அனுபவவழிக் கல்வியை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் இந்த இரண்டாவது நிபந்தனையைப் பெரும்பாலும் பேசாமல் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் பட்டைக் காலம். தென்னிந்தியாவின் முதல் இரயில் பாதை 1856 ஜூலையில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டபோது, பாலாற்றங்கரையும் சென்னையின் தோல் மண்டியான பெரியமேடும் துறைமுகமும் ஒரே கோட்டில் இணைந்தன. தரிசெங்கும் ஆவாரம் மண்டிக் கிடந்தது. ஆற்று மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் வந்தது. தமிழ் முஸ்லிம் வணிகர்களிடம் முதலீடும் தொடர்பும் இருந்தன. சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, முடியும் சதையும் வழித்து, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் வாரக்கணக்கில் மாற்றி மாற்றிப் போட்டு, கடுக்காயில் முடித்து, எண்ணெய் தடவி உலர்த்திய தோல் லண்டன் ஏலத்துக்குப் போனது. அங்கே 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்ற பெயரில் அதற்குத் தனி மதிப்பு உண்டு. இந்த வேலையில் எழுத்தில் இல்லாத ஒரு பாடத்திட்டமே இருந்தது. கட்டைவிரலால் அழுத்தி, பதிந்த தடம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்துத் தோல் போதுமான அளவு தளர்ந்துவிட்டதா என்று முடிவு செய்வார்கள். தடித்த பகுதியில் ஒரு சிறு துண்டை வெட்டி, நடுவரை பட்டை நிறம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். சுண்ணாம்பு பழையதா புதியதா என்பதை மூக்கே சொல்லும். கோடைக்கு ஒரு கணக்கு, கார்த்திகை மழைக்கு வேறு கணக்கு. இவை எதையும் பள்ளியில் கற்றுத்தர முடியாது. குழிக்குள் இறங்கியவர்தான் தெரிந்துகொள்ள முடியும்.

ஆனால் அந்தத் தெரிதல் எதுவரை போனது என்பதையும் பார்க்க வேண்டும். தோல் நன்றாகப் பதப்பட்டதா என்ற இறுதித் தீர்ப்பு குழியருகில் சொல்லப்படவில்லை. பல மாதம் கழித்து லண்டன் ஏலத்தில் விழுந்த விலையாக அது சொல்லப்பட்டது. அந்தச் செய்தி முதலில் பெரியமேட்டுக் கமிஷன் மண்டிக்கு வந்தது, பிறகு ஆம்பூர் முதலாளிக்கு வந்தது. குழியில் நின்ற தொழிலாளிக்கு அது கூலிக் குறைப்பாகவோ திட்டாகவோ வந்து சேர்ந்தது. எந்தத் தோல், எந்த வாரத்துத் தண்ணீர், என்ன குறை என்ற விவரம் அவர்வரை வரவில்லை. கிராமத்துத் தும்பி செய்தவரின் நிலைமை இதற்கு நேரெதிர். தான் தைத்த தும்பி தன் கண்ணெதிரே கிணற்றில் இறங்குவதை அவர் தினமும் பார்த்தார். கிழிந்தால் மறுநாளே தெரியும். விளைவு அவரிடம் உடனுக்குடன் திரும்பியது. இருந்தும் அவருக்கு ஆண்டுக்கு இத்தனை படி தானியம் என்று அளக்கப்பட்ட அடிமைத்தனத்தில், புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கவோ, இந்த விலைக்கு இது முடியாது என்று மறுக்கவோ, வேறு தொழிலுக்குப் போகவோ வழியில்லை. ஒருவரிடம் விளைவு வரவில்லை. மற்றவரிடம் உரிமை இல்லை. நம் மரபுத் தொழில்நுட்பத்தைப் பற்றிப் பெருமையோடு எழுதுகிறவர்கள், அது ஏன் ஒரு கட்டத்துக்குமேல் வளரவில்லை என்பதற்கு அந்நிய ஆட்சியை மட்டும் காரணம் காட்டுகிறார்கள். சாதி இந்த இரண்டு கண்ணிகளையும் அதற்கு வெகுகாலம் முன்பே அறுத்துப் போட்டிருந்தது.

சாட்டர்டனின் முயற்சி இந்த இடத்தில்தான் கல்வி வரலாற்றுக்குள் வருகிறது. அவர் தோல் படித்தவர் இல்லை, பொறியாளர். 1898-ல் சென்னைக் கலைப் பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கி, அது ஓடும் என்று காட்டி, 1903-ல் தனியார் கம்பெனிக்குக் கைமாற்றியவர். தொழிற்பள்ளிகள் மீது அவருக்குப் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. ஒரு தொழிலைக் கற்றுத்தர வேண்டுமானால் முதலில் அதை உண்மையான சந்தையில், உண்மையான செலவு வரவுக் கணக்கோடு நடத்திக் காட்ட வேண்டும்; அங்கே எழும் தடைகளைத் தாண்டுவதுதான் பாடம் என்பது அவர் நிலைப்பாடு. அரசின் குரோம் பட்டறை தும்பி, செருப்பு, பூட்ஸ் என்று விற்றது, விற்காமல் போனதையும் பார்த்தது, பதத்தை மாற்றியது. இதை எதிர்த்தவர்கள் மாகாணத்தின் ஐரோப்பிய வணிகர்கள். அரசே கடை விரித்தால் தனியார் தொழில் என்னாகும் என்று கேட்டார்கள். 1910-ல் இந்தியா மந்திரி மார்லி பிரபு அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். புதிய முறைகளை மக்களுக்கு அறிமுகப்படுத்த அரசுப் பணத்தைச் செலவிடலாம், தொழில் நடத்தக் கூடாது என்பது அவர் உத்தரவின் சாரம். தொழில் துறை கலைக்கப்பட்டது; குரோம் பட்டறை ரீவா சமஸ்தானத்துக்கு விற்கப்பட்டது; சாட்டர்டன் மைசூருக்குப் போய்விட்டார்.

மார்லியின் உத்தரவைப் பொருளாதார வரலாற்றாசிரியர்கள் காலனிய வணிகக் கொள்கையின் ஓர் அத்தியாயமாகப் படிப்பது வழக்கம். அதை ஒரு கல்விக் கொள்கையாகவும் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. பாடம் சொல்லலாம், பட்டறை நடத்தக் கூடாது என்றால், மாணவர் செய்யும் பொருளுக்கு வாங்குபவர் இருக்க மாட்டார். வாங்குபவர் இல்லாத இடத்தில் தவறுக்கு விலை இல்லை, மதிப்பெண் மட்டும்தான் உண்டு. விளைவு திரும்பிவரும் பாதையை அந்த உத்தரவு சட்டபூர்வமாக அடைத்தது. நம் தொழிற்பயிற்சி நிலையங்கள் பலவற்றில் இன்றும் மாணவர் அரம் கொண்டு தேய்த்த இரும்புத் துண்டு எந்த இயந்திரத்திலும் போய்ப் பொருந்துவதில்லை. அந்தப் பழக்கத்தின் வேரைத் தேடிப் போனால் மார்லி போன்றவர்கள் பள்ளிக்கும் பட்டறைக்கும் நடுவில் கட்டிய சுவரில்தான் போய் முட்டுவோம்.

முதல் உலகப் போர் அந்தச் சுவரில் ஓட்டை போட்டது. பிரிட்டிஷ் படைக்குப் பூட்ஸ் தோல் தேவைப்பட்டபோது சென்னைப் பட்டைத் தோல் முழுவதும் அரசின் கவனத்துக்குள் வந்தது. இன்று தரமணியில் இயங்கும் தோல் தொழில்நுட்பப் பயிலகத்தின் தொடக்கமான தோல் தொழிற்பள்ளி அந்தப் போர்க்காலத்தில், 1915-ல் உருவானது. 1916 முதல் 1918 வரை இயங்கிய இந்தியத் தொழில் ஆணையத்தில் சாட்டர்டனும் உறுப்பினர். ஆனால் சுவர் நிஜமாகவே இடிந்தது விடுதலைக்குப் பிறகு, அடையாறில். மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் என்ற சிஎல்ஆர்ஐக்கு 1948 ஏப்ரல் 24 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. 1958-ல் அதன் இயக்குநரான எலவர்த்தி நாயுடம்மா, ஆந்திர விவசாயக் குடும்பத்தில் பிறந்து, அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் தோல் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியவர். ஆராய்ச்சிக்கூடம், பல்கலைக்கழகம், தொழிற்சாலை மூன்றையும் ஒன்றையொன்று சார்ந்து இயங்கவைக்க முயன்றார். ஏ.சி. டெக் எனப்படும் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியின் மாணவர்கள் தோல் தொழில்நுட்பத்தை ஆராய்ச்சி வளாகத்திலேயே, ஓடும் டிரம்களின் நடுவில் படித்தார்கள். தோல் ஷாப்பு நடத்துகிறவர் தன் கெட்டுப்போன தோலைக் கையில் எடுத்துக்கொண்டு விஞ்ஞானியிடம் வரலாம் என்ற நிலைமையை அவர் உருவாக்கினார். அங்கே ஆய்வுத் தலைப்பு நூலகத்திலிருந்து வரவில்லை, கெட்டுப்போன தோலிலிருந்து வந்தது. 1985-ல் கனிஷ்கா விமானக் குண்டுவெடிப்பில் அவர் இறந்தபோது நாடு ஒரு வேதியியலாளரை இழந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. பெரிய கல்வியாளர் ஒருவரையும் அன்று இழந்தோம்.

அந்த இணைப்பின் வலிமை இரண்டு முறை சோதிக்கப்பட்டது. 1972-ல் சீதாராமையா குழு, அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைக் குறைத்து, முடித்த தோலையும் காலணியையும் அனுப்ப வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதையொட்டிப் பச்சைத் தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது, அரைப்பதத் தோலுக்கு ஒதுக்கீடு வந்தது. நூறாண்டுக்கு மேல் பட்டைத் தோலையும் பிறகு குரோமில் அரைப்பதமிட்ட வெட் புளூவையும் கப்பலேற்றிப் பழகிய ஊர்கள் சில ஆண்டுகளுக்குள் சாயமிடல், எண்ணெயூட்டல், மேற்பூச்சு, கடைசியில் ஷூ அப்பர் தைப்பது வரை கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. கற்றுக்கொண்டன. 1989 இறுதியில் ஜெர்மனி பெண்டாகுளோரோபீனால் என்ற பூஞ்சைக்கொல்லியைத் தடைசெய்தது. பதனிட்ட தோல் பூசணம் பிடிக்காமலிருக்க இங்கே அதைப் பரவலாகப் பயன்படுத்தினார்கள். கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சரக்கை வாங்க மாட்டோம் என்றது ஜெர்மனி. 1994-ல் சில அசோ சாயங்களுக்கும் அதே கதி. பல ஆயிரம் மைல் தொலைவில் போட்ட சட்டம் ஆம்பூரின் டிரம் வரை வந்து சேர அதிகக் காலம் ஆகவில்லை. சிஎல்ஆர்ஐ சோதனை வசதியை அமைத்தது, மாற்று ரசாயனங்கள் வந்தன, சங்கங்கள் கூட்டம் போட்டன, சாயம் விற்பவர்களை மாற்றினார்கள். வாங்குபவரின் மறுப்பு நேராக முதலாளியின் மேசைக்கு வந்தது. மாற்றும் அதிகாரமும் அதே மேசையில் இருந்தது. கற்றலுக்கான இரண்டு நிபந்தனைகளும் பூரணமாக நிறைவேறிய தருணம் அது.

இதே ஊர்கள், இதே முதலாளிகள், இதே ஆராய்ச்சி நிலையம். ஆனால் பாலாற்றின் பாடத்தைக் கற்க அவர்களால் முடியவில்லை. பச்சைத் தோல் கெடாமலிருக்க அதன் எடையில் ஏறத்தாழ நாற்பது சதவீத உப்புப் போடுகிறார்கள். அது முதல் ஊறலிலேயே தண்ணீரில் இறங்கிவிடும். ஒரு கிலோ தோலுக்கு முப்பது, நாற்பது லிட்டர் தண்ணீர் செலவாகும். பழைய முறையில் டிரம்மில் போடும் குரோமில் மூன்றில் ஒரு பங்கு வரை தோலில் ஏறாமல் கழிவோடு போகும். இவை அனைத்தும் பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த உண்மைகள். தெரியாமல் போனது அவற்றின் விளைவு. அந்த விளைவு வேறொருவரின் கிணற்றில், வேறொருவரின் நெல்வயலில், வேறொருவரின் தோலில் புண்ணாகத் தோன்றியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தோல் கழிவால் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம் கணித்திருந்ததை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசுபடுத்துகிறவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்து, ஐந்து மாவட்டத் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது.

இந்தத் தீர்ப்பை நான் ஒரு கல்வி ஆவணமாகவே வாசிக்கிறேன். செய்தவருக்கும் பட்டவருக்கும் நடுவில் அறுந்துபோன கண்ணியை நீதிமன்றம் வலிய இழுத்துக் கட்டியது. அதற்குப் பிறகுதான் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மெய்யாகவே இயங்கத் தொடங்கின. மக்னீசியம் ஆக்சைடு போட்டுக் கழிவிலிருந்து குரோமைப் படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடி டிரம்முக்குக் கொண்டுவரும் முறை பரவியது. சுத்திகரிப்பில் கரிமக் கழிவு போனாலும் கரைந்த உப்பு போகவில்லை என்பது தெரிந்ததும் சவ்வூடு பரவல் ஆலைகள் வந்தன. இப்போது அந்த உப்பு திடமாகக் குவிந்து கிடக்கிறது. அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்ற அடுத்த சிக்கல் வந்திருக்கிறது. ஜெர்மனியின் தடை சில ஆண்டுகளில் கற்றுக்கொடுத்ததோடு ஒப்பிட்டால், பாலாறு முப்பது ஆண்டுகளாகியும் பாதிப் பாடத்தைத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறது. ஜெர்மானிய வியாபாரியின் குரலுக்கு இருந்த எடை வாணியம்பாடிக் கிணற்றுக்காரரின் குரலுக்கு இல்லை. வேறுபாட்டுக்கு வேறு காரணம் எதையும் நான் காணவில்லை.

இங்கே தமிழ்நாட்டில் யாரும் எழுப்பியாக வேண்டிய மறுப்பு ஒன்று உண்டு. செய்து கற்றல், தொழில்வழிக் கல்வி என்ற பேச்சு வந்தாலே அது எங்கே போய் முடியும் என்று இந்த மண்ணுக்குத் தெரியும். 1953-ல் இராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாடநேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரிடமோ ஊரிலுள்ள வேறு தொழிலாளரிடமோ வேலை பழகட்டும் என்றது. இரண்டு வேளைப் பள்ளியால் அதிகப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்ற நியாயமும் அதற்குச் சொல்லப்பட்டது. பெரியார் அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தார். 1954-ல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. செருப்புத் தைப்பவர் பிள்ளை மத்தியானத்துக்குமேல் செருப்புத் தைத்தால் எந்தக் கல்வித் தத்துவமும் அதைக் கல்வி என்று சொல்ல முடியாது என்ற அந்த எதிர்ப்பு முழுக்கச் சரி. இதற்குக் காந்தியின் ஆதாரக் கல்வியும் தப்பவில்லை. 1937 வர்தா மாநாட்டைத் தொடர்ந்து ஜாகிர் உசேன் குழு வகுத்த கைத்தொழில்களில் நூற்பு, நெசவு, தச்சு, வேளாண்மையோடு தோல் வேலையும் இருந்தது. உயர்ந்த எண்ணம்தான். ஆனால் நம் ஆதாரப் பள்ளிகளில் பெரும்பாலும் சுழன்றது தக்ளி. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அமரும் வகுப்பில் பச்சைத் தோலை வைத்துப் பாடம் நடத்தச் சமூகம் ஆயத்தமாக இல்லை.

ஆனால் குலக்கல்வித் திட்டத்தை மறுப்பதற்கான வலுவான வாதம் அனுபவவழிக் கல்விக் கொள்கையின் உள்ளேயே இருக்கிறது. கொலம்பியாவில் டூயியிடம் படித்த அம்பேத்கர் 1936-ல் எழுதிய 'சாதி ஒழிப்பு' உரையில், சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்குகிறது என்றார். சிக்கலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, விடை தவறினால் வேறு விடை தேடும் உரிமை, இந்தத் தொழிலே வேண்டாம் என்று எழுந்துபோகும் உரிமை இவை மூன்றும் இல்லாத பிள்ளைக்கு 1953-ன் திட்டம் கொடுத்தது சிக்கலைக்கூட இல்லை; அப்பா ஏற்கெனவே அறிந்த விடையை மட்டும். டூயியின் கொள்கை ஜனநாயகத்தைத் தலைப்பிலேயே வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு. உரிமையைக் கழித்துவிட்டு உழைப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் எஞ்சுவதற்கு அவர் பெயரைப் போடக் கூடாது.

இதைவிடக் கடினமான மறுப்பு தோல் ஊர்களின் கட்டடங்களிலேயே எழுதியிருக்கிறது. பதனிடுவதை அனுபவத்தில் கற்றுச் செல்வம் சேர்த்தவர்கள் அந்தச் செல்வத்தில் எழுப்பியவை தோல் பட்டறைப் பள்ளிகள் இல்லை. வாணியம்பாடியில் 1919-ல் தொடங்கிய இஸ்லாமியா கல்லூரி, மேல்விஷாரத்தில் தோல் வணிக வள்ளல் சி. அப்துல் ஹக்கீம் பெயரில் 1965-ல் வந்த கல்லூரி, ஆம்பூரின் மஸ்ஹருல் உலூம் கல்லூரி எல்லாம் புத்தகப் படிப்புக்கானவை. சென்னையில் அருந்ததியர் தலைவர் எல்.சி. குருசாமி தம் மக்களுக்காக இரவுப் பள்ளிகள் நடத்தினார். நாளெல்லாம் தோலோடு கிடந்தவர்கள் இரவில் கேட்டது எழுத்தை. மேலேயும் கீழேயும் இருந்த இரண்டு தரப்பும் அனுபவத்தின் அருமையை மற்றெவரையும்விட நன்றாக அறிந்தவர்கள்; இரண்டும் புத்தகத்தையே தேர்ந்தெடுத்தன என்றால் அந்தத் தேர்வை நாம் மதித்தாக வேண்டும். எழுத்துதான் ஏலக் கணக்கையும் ஒப்பந்தத்தையும் சட்டத்தையும் படிக்கவைத்தது. வேறு ஊருக்கும் வேறு தொழிலுக்கும் கதவைத் திறந்தது. இதில் மறுக்க எனக்கு எதுவுமில்லை. வேதியியலும் அனுபவத்திலிருந்து மட்டும் வந்திருக்காது. ஆவாரம்பட்டைக் குழியில் ஆயிரம் ஆண்டு நின்றாலும் குரோமியம் உப்பின் வினையை யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். குரோம் தோல் கொதிநீரிலும் சுருங்காமல் நிற்பது ஏன் என்று சொல்ல மூலக்கூறு அறிவு வேண்டும். ஆகவே அனுபவத்தைப் புத்தகத்துக்கு மாற்றாக வைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாயுடம்மாவின் வளாகத்தில் தோலும் புத்தகமும் ஒரே மேசையில் கிடந்தன என்பதே அதன் சிறப்பு.

இன்று ஆம்பூரின் காலணித் தொழிற்சாலைகளில் வரிசையாக அமர்ந்து அப்பர் தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வெட்டுவது ஒருவர், ஓரம் சீவுவது ஒருவர், தைப்பது ஒருவர், வார்ப்பில் இழுத்துப் பொருத்துவது இன்னொருவர். பத்தாண்டு அனுபவம் என்றால் பெரும்பாலும் ஒரே தையலைப் பத்தாண்டு போட்ட அனுபவம். எந்த ஷூ ஏன் திரும்பி வந்தது, ஏன் தோல் அங்கே விரிந்தது என்ற செய்தி மேற்பார்வையாளர் வரைதான் போகும். திறன் மேம்பாடு என்ற பெயரில் அரசு இவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கும்போது அந்தச் சான்றிதழ் அளப்பது கைவேகத்தை. வாரத்துக்கு ஒரு மணி நேரம், திரும்பிவந்த ஜோடிகளை மேசையில் பரப்பி, தைத்தவர்களே காரணம் தேடும்படி செய்தால் போதும். கூடுதல் செலவில்லாமல் ஒரு பள்ளி நடக்கும். உற்பத்தி குறையும் என்பார்கள். முதல் மாதம் குறையத்தான் செய்யும்.

உரிமை இல்லாத அனுபவம் எவ்வளவு கொடியது என்பதற்கு 2015 ஜனவரி 31 சாட்சி. இராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டி உடைந்து, பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்களைக் கொன்றது. பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்தத் தொட்டியின் அருகிலேயே படுத்துறங்கும் அளவுக்கு அதை அறிந்திருந்தவர்கள். அதைப் பற்றி எதையும் மாற்ற அதிகாரம் இல்லாதவர்கள். பத்து ஆண்டு கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு வழக்கில் மறுபடி தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுத்து அதை மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துக் கண்காணிக்கவும் உத்தரவிட்டது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு மேல்நிலைப் பள்ளிகளில் பிளஸ் டூ வேதியியல் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் பியூரெட்டும் பிப்பெட்டும் பிடித்து டைட்ரேஷன் செய்கிறார்கள். கரைசலைத் தயாரிப்பவர் ஆசிரியர். விடை அவருக்கு முன்பே தெரியும். அதே பியூரெட்டில் வெள்ளி நைட்ரேட் கரைசலை நிரப்பி, குடுவையில் ஊர்க் கிணற்று நீரை எடுத்து, சில துளி பொட்டாசியம் குரோமேட் விட்டு, மஞ்சள் செங்கல் நிறமாகத் திரும்பும் இடத்தில் நிறுத்தினால் குளோரைடின் அளவு கிடைக்கும். குடிநீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரமே இல்லையென்றால் 1,000 வரை அனுமதி. கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை, அதே கிணறுகளில், ஆண்டுக்காண்டு இந்த அளவை எடுத்துப் பதிவேட்டில் எழுதிவைக்கலாம். தோல் தொழிலாளியின் மகளுக்கும் உழவரின் மகனுக்கும் அந்த எண் தங்கள் வீட்டுச் செய்தியாக இருக்கும். பதிவேடு கண்காணிப்புக் குழுவின் மேசைக்குப் போனால் அது மாற்றத்தைக் கேட்கும் உரிமையாகவும் ஆகும். குரோமேட் நச்சு, கையுறையும் கழிவுச் சேகரிப்பும் அவசியம். வெள்ளி நைட்ரேட் விலையும் அதிகம், பள்ளி ஆய்வகத்தின் ஆண்டு நிதியில் அடங்காது. மாசுக்காக வசூலாகும் தொகையிலிருந்து முதல் சிறு பங்கை இந்தப் பள்ளிகளின் ஆய்வகங்களுக்கு ஒதுக்கும்படி அந்தக் குழுவிடம் மாவட்டக் கல்வித் துறை இப்போதே கேட்கலாம்.